ஆறு ஆட்டுக்கு ஒரு கறவை மெஷின்: கொடைக்கானல் மேல்மலையில் சேர்த்த விதம்

கறவை மெஷினுக்கு உறிஞ்சலைத் தரும் வாக்குவம் பம்பின் அட்டையில் 'மைனஸ் 85 கிலோ பாஸ்கல்' என்று அச்சிட்டிருக்கும். கொடைக்கானலில் அது நடக்காது. 2,133 மீட்டர் உயரத்தில் காற்றின் மொத்த அழுத்தமே ஏறத்தாழ 78 கிலோ பாஸ்கல்தான். இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தாலும் மீட்டர் முள் 78-ஐத் தாண்ட வழியில்லை. 65 பக்கம் போய் நின்றாலே பம்பு முழுத் திறனோடு ஓடுகிறது என்று அர்த்தம். இது தெரியாமல் நல்ல பம்பைப் பழுது என்று பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

வெள்ளாட்டுக்கு வேண்டியது 36 முதல் 40 கிலோ பாஸ்கல்தான். மாட்டுக்கு வைக்கும் 45, 50 எல்லாம் ஆட்டு மடிக்கு அதிகம். ஆக, உறிஞ்சலின் ஆழத்துக்கு மலையில் குறைவில்லை. குறைவு காற்றின் அளவில்தான். கடல் மட்டத்தில் 38 கிலோ பாஸ்கல் இழுக்க, பம்பு 101-ஐ 63 ஆக்கினால் போதும். இங்கே 78-ஐ 40 ஆக்க வேண்டும். பிஸ்டனின் ஒவ்வொரு இழுப்பிலும் கிடைக்கும் வெளிக்காற்றின் பங்கு அங்கே 62 சதவீதம் என்றால், இங்கே 51 சதவீதம். கீழே நிமிடத்துக்கு 100 லிட்டர் பம்பு போதும் என்று யாராவது சொன்னால், மேல்மலைக்கு 120 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களுக்கு 110 போதும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு ஆடு வரைக்கும் கைக்கறவைதான் லாபம். மெஷினைக் கழுவவே வேளைக்கு இருபது நிமிடம் போகிறது. அந்த நேரத்தில் நாலு ஆட்டைக் கறந்து முடித்துவிடலாம். கறவை ஆடு ஆறை எட்டினால்தான் கணக்கு நம் பக்கம் திரும்பும். தலைச்சேரியோ சானேன் கலப்போ, வேளைக்கு ஒரு லிட்டர் கொடுக்கிற ஆடு இரண்டு, இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

மலிவு மெஷினில் எது மலிவு

ஆன்லைனில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மெஷின்களில் பல ஒரே அறை வகை. காம்பில் மாட்ட ஒரு சிலிக்கான் குவளை, ஒரு 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, அவ்வளவுதான். குவளைக்குள் லைனர் என்னும் நெகிழும் உள்ளுறை கிடையாது. வாக்குவம் நேராகக் காம்பின் மேலேயே உட்காரும். 'துடிப்பு உண்டு' என்று விற்பதிலும் பால் குழாயின் வாக்குவத்தையே விட்டு விட்டு வெட்டுகிறார்கள். காற்று உள்ளே பாயும் ஒவ்வொரு முறையும் குழாயில் கிடக்கும் பால் காம்பு நுனியை நோக்கித் திரும்ப அடிக்கும். ஒரு பக்க மடியில் நோய் இருந்தால் மறு பக்கத்துக்கும் போய்ச் சேர இதைவிட நேரான வழி வேறில்லை.

சரியான குவளைக்கு இரண்டு அறை. வெளியே கெட்டியான ஷெல், உள்ளே நெகிழும் லைனர். லைனருக்குள் எப்போதும் ஒரே அளவு வாக்குவம். துடிப்பு ஷெல்லுக்கும் லைனருக்கும் இடைப்பட்ட அறையில் மட்டும் நடக்கும். அங்கே வாக்குவம் வந்தால் லைனர் திறந்து பால் இறங்கும். காற்று வந்தால் லைனர் மூடிக் காம்பைப் பிசைந்துவிடும், தேங்கிய ரத்தம் மேலே திரும்பும். குட்டி ஊட்டுவதும் இப்படித்தான், இழுப்பும் விடுப்புமாக. எனவே பம்பு பழையதாக இருக்கலாம், வாக்குவத்தைத் தேக்கும் தொட்டி பிவிசியாக இருக்கலாம்; ஆனால் ஆட்டுக்கென்று செய்த ஷெல், லைனர் ஜோடியைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். மாட்டு லைனரை வெட்டி மாட்டினால் வாய் அகலம் ஒத்துவராமல் காற்று இழுத்துக்கொண்டே இருக்கும், நாலு இழுப்புக்கு ஒருமுறை குவளை கீழே விழும்.

பம்பு

மூன்று வகையை ஒப்பிட்டுப் பார்த்ததில் எண்ணெய் இல்லாத பிஸ்டன் பம்பே நிலைத்தது. பல் மருத்துவர் அறையில் ஓடுமே, அந்தக் குடும்பம். 550 வாட் போதும். ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் எண்ணெய் பம்பு ஆழமாக இழுக்கும், ஆனால் ஈரக்காற்றைத் தொடர்ந்து விழுங்க அது செய்யப்பட்டதில்லை. மேல்மலை மூடுபனியில் சீக்கிரமே எண்ணெய் மோர் நிறத்துக்கு வந்துவிடும். டிசம்பர் விடியலில் எண்ணெய் கெட்டிப்பட்டு மோட்டாரும் திணறும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். காற்றின் அளவு மிகக் குறைவு; ஒரு குவளை நழுவினால் மீட்டர் பூஜ்யத்துக்கு விழும், திரும்ப ஏற யுகமாகும்.

பம்பைத் தொழுவத்துக்கு வெளியே, சுவரின் மறுபக்கம், மழை படாத இடத்தில் வையுங்கள். சத்தம் ஆட்டைப் பால் அடக்க வைக்கும். மின்சாரத்தில் இரண்டு விஷயம் கட்டாயம்: சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் ஸ்விட்ச்). ஈரத் தரையில் கசியும் சிறு மின்சாரம் மனிதக் காலுக்கு ரப்பர் செருப்பால் தெரியாது, ஆட்டுக்குத் தெரியும். கறவை மேடை ஏறவே மறுக்கிற ஆட்டை அடிப்பதற்கு முன் டெஸ்டரை எடுத்து மேடையின் இரும்பைத் தொட்டுப் பாருங்கள்.

வோல்டேஜ் குறைந்த நேரத்தில், தொட்டியில் வாக்குவம் இருக்கும்போதே ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் சுற்றாமல் உறுமும், கெபாசிட்டர் போய்விடும். முதலில் தொட்டியின் பால் வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். (பால் வால்வு என்றால் உருண்டை வால்வு, கறக்கிற பாலுக்கும் அதற்கும் உறவில்லை.)

தொட்டி, ஈரம் பிடிக்கும் டப்பா

நாலு அங்குல பிவிசி பைப், தண்ணீர் லைனுக்குப் போடும் 6 கிலோ வகை, 1.2 மீட்டர் நீளம், இரு முனையிலும் எண்ட் கேப். இது சுமார் 10 லிட்டர் கொள்ளும். சாக்கடை லைனுக்குப் போடும் மெல்லிய பைப் வேண்டாம், நாளடைவில் உள்வாங்கிச் சப்பிவிடும். துளை போட்டு நேராக மரை வெட்டாமல் டேங்க் நிப்பிள் போட்டால் கசிவு குறையும். தொட்டியைக் கொஞ்சம் சாய்வாக மாட்டி, தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். சூடான பாலின் ஆவி 8 டிகிரி குளிரில் இருக்கும் குழாயில் படிந்து நீராகும்; அதை வடிக்காவிட்டால் மூன்றாம் நாள் புளித்த வாடை வரும்.

பால் கேனுக்கும் தொட்டிக்கும் நடுவே, பால் தவறி ஏறினால் பிடிக்க ஒரு டப்பா தேவை. இதற்கென்று விற்பதை வாங்க வேண்டாம். வாட்டர் ஃபில்ட்டரின் 10 அங்குலக் கண்ணாடி நிற ஹவுசிங், உள்ளே காண்டில் போடாமல் அப்படியே மாட்டினால் வேலை முடிந்தது. ஓ ரிங் இருக்கிறது, உள்ளே நடப்பது வெளியே தெரிகிறது, கழற்றிக் கழுவலாம். கண்ணாடி ஊறுகாய் ஜாடியை மட்டும் இந்த இடத்தில் வைக்காதீர்கள். உள்வாங்கி நொறுங்கினால் கண்ணாடித் துண்டு நாலு திசையும் பறக்கும்.

ரெகுலேட்டர்: 440 கிராம் இரும்பு

பம்பு ஓடிக்கொண்டே இருந்தாலும் வாக்குவம் 38-லேயே நிற்க வேண்டும். விலை குறைந்த ஸ்பிரிங் ரெகுலேட்டர்கள் முதலில் சரியாக நின்று, துரு ஏறியதும் நாளுக்கொரு அளவு காட்டும். எடை தொங்கும் பழைய முறை இதைவிட நம்பகமானது. லேத் பட்டறையில் அரை மணி வேலை.

ஒரு பித்தளைத் தட்டில் சரியாக 12 மி.மீ. துளை. அதன்மேல், வாக்குவம் இருக்கும் பக்கத்தில், கூம்பு வடிவப் பித்தளை அடைப்பான். அடைப்பானிலிருந்து 4 மி.மீ. கம்பி துளை வழியாகக் கீழே இறங்கி வெளியே தொங்கும், அதில் எடை. வெளிக்காற்று கீழேயிருந்து அடைப்பானை மேலே தள்ளும், எடை கீழே இழுக்கும். 12 மி.மீ. துளையின் பரப்பு 1.13 சதுர செ.மீ. 38 கிலோ பாஸ்கலில் அதன்மேல் விழும் விசை 4.3 நியூட்டன். அதாவது அடைப்பான், கம்பி, எடை மூன்றும் சேர்ந்து 438 கிராம். வாக்குவம் இதைத் தாண்டினால் அடைப்பான் எழும்பிக் காற்றை உள்ளே விடும், மறுபடி உட்காரும். இது வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் கொடைக்கானலில் செய்ததை வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோனாலும் அதே 38-தான்.

இதில் மூன்று சிக்கல். அடைப்பான் உட்காரும் வட்டம் 12-க்குப் பதில் 13 மி.மீ. ஆனால் தேவையான எடை 514 கிராம் ஆகிவிடும். ஆகவே கணக்குத் தொடக்கத்துக்குத்தான், கடைசி எடையை மீட்டரைப் பார்த்து வாஷர் சேர்த்துத்தான் முடிக்க வேண்டும். இரண்டாவது, அடைப்பான் நடுங்கிக் கடகடவென்று அடிக்கும். எடையை ஒரு டப்பா எண்ணெயில் முங்கும்படி தொங்கவிட்டால் நடுக்கம் அடங்கும். தையல் மெஷின் எண்ணெய் ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் காலைக் குளிரில் தேன்போல் ஆகி எடையைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் முங்கிய இரும்பு 50 கிராம் அளவுக்கு லேசாகிவிடும் என்பதால் எடையைச் சரிசெய்வது முங்கிய பிறகுதான். மூன்றாவது, முழு அமைப்பும் தூக்குக்குண்டு போட்டதுபோல் நேராக நிற்க வேண்டும். கம்பி துளையின் ஓரத்தில் உரசினால் முள் 38-க்கும் 44-க்கும் இடையில் ஆடும்.

மீட்டரை நம்பலாமா

கடையில் கிடைக்கும் டயல் மீட்டர் பாதரச மி.மீ. அளவில் இருந்தால் 285, அங்குலத்தில் இருந்தால் 11.2, இரண்டும் 38 கிலோ பாஸ்கல்தான். விலை குறைந்த மீட்டர் 5 கிலோ பாஸ்கல் தவறாகக் காட்டுவது சாதாரணம், ஆட்டின் காம்புக்கோ அந்த 5 பெரிய வித்தியாசம். சரிபார்க்கத் தண்ணீரும் டேப்பும் போதும். மலைக்காரருக்கு இதற்கான இடமும் வாசலிலேயே இருக்கிறது. பூண்டுக் காட்டின் கீழ்ப்படியில் ஒரு வாளித் தண்ணீர். 8 மி.மீ. தெளிவான டியூபின் ஒரு முனை அதில், மறு முனை மேல்படியில், வாளியிலிருந்து 5 மீட்டராவது உயரத்தில், தொட்டியோடு இணைத்தது. பம்பை ஓட்டினால் தண்ணீர் டியூபில் ஏறி ஓரிடத்தில் நிற்கும். வாளி நீர்மட்டத்திலிருந்து நேர்க்குத்தாக 3 மீட்டர் 87 செ.மீ. என்றால் 38 கிலோ பாஸ்கல். 36-க்கு 3.67, 40-க்கு 4.08. சரிவில் டியூப் எவ்வளவு நீளம் வளைந்து கிடந்தாலும் கணக்கில்லை, உயரம் மட்டுமே கணக்கு. உயரத்தை ரசமட்ட டியூபால் எடுங்கள். ஃபில்ட்டர் ஹவுசிங் நடுவே இருக்கட்டும், தப்பித்தவறி தண்ணீர் மேலே ஏறினால் பம்புக்குப் போகாது.

கசிவு தேட சோப்பு நுரை குமிழ் விடும் என்று காத்திருக்காதீர்கள். வாக்குவத்தில் குமிழ் வெளியே வராது. கெட்டியான நுரையை இணைப்பில் அப்பிப் பாருங்கள், கசியும் இடத்தில் நுரை உள்ளே குழிந்து ஓட்டை விழும். ரெகுலேட்டர் துளையையும் குவளைகளையும் அடைத்து, பம்புக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள வால்வை மூடி, மோட்டாரை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் முள் 3, 4 கிலோ பாஸ்கலுக்குமேல் இறங்கக் கூடாது.

துடிப்பு

ஆட்டுக்கு நிமிடத்துக்கு 70 முதல் 90 துடிப்பு. மாட்டுக்கு 60. மாட்டுக்கான காற்றில் இயங்கும் பல்சேட்டர் (துடிப்பைத் தரும் கருவி) பழையது கிடைத்தால், திருகைத் திருப்பி 75 வரை கொண்டுவர முடிகிறதா என்று பார்த்து வாங்கலாம். கிடைக்காவிட்டால் மின்சாரத்தில் திறந்து மூடும் 12 வோல்ட் சோலனாய்டு வால்வில் செய்யலாம்.

பணம் வீணாகும் இடம் இந்த வால்வுதான். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மூன்று துளை வால்வுகள் பல, காற்றழுத்தத்தின் உதவியோடுதான் திறக்கும். வாக்குவத்தில் மாட்டினால் 'டிக் டிக்' சத்தம் வரும், உள்ளே எதுவும் அசையாது. 'நேரடியாக இயங்கும், வாக்குவத்துக்கும் ஆகும்' என்று விவரத்தில் இருப்பதை மட்டுமே வாங்க வேண்டும். உள் துளை 4 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. 2 மி.மீ. என்றால் ஷெல்லில் காற்று நிரம்பவே நேரமாகி லைனர் அரைகுறையாக மூடும். லைனர் முழுதாக மூடியிருக்கும் நேரம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைந்தது 150 மில்லி செகண்ட் வேண்டும். அதற்குக் குறைந்தால் பிசைதல் நடக்கவில்லை என்று பொருள். இணைப்பு: பொதுத் துளை ஷெல்களுக்கு, ஒன்று தொட்டிக்கு, ஒன்று வெளிக்காற்றுக்கு, அதன் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச். மின்சாரம் இல்லாதபோது காற்றுப் பக்கம் திறந்திருக்குமாறு மாட்டுங்கள். கரண்ட் போனால் லைனர் மூடிக்கொள்ளும், காம்பு வாக்குவத்தில் மாட்டிக்கொண்டு நிற்காது.

நிமிடத்துக்கு 80 என்றால் ஒரு துடிப்பு 750 மில்லி செகண்ட். 60:40 விகிதத்தில் 450 வாக்குவம், 300 காற்று. வால்வை இந்த நேரப்படி இயக்க ஒரு 555 ஐசி (டைமர் சிப்), 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், 22 கிலோ ஓம், 43 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். கணக்குப் போட்டால் 450-க்கு 298 வருகிறது. ரெடிமேட் டைமர் ரிலே போர்டு இதைவிட எளிது, ஆனால் நீடிக்காது. ஆறு ஆட்டுக்கு, மாட்டிக் கழற்றும் நேரமும் சேர்த்துத் தலா நாலு நிமிடம், இரண்டு வேளை, 80 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 3,840 தடவை ரிலே அடிக்கும். லட்சம் தடவைக்கு உத்தரவாதமுள்ள ரிலே 26 நாளில் ஆயுள் முடித்துவிடும். ரிலேக்குப் பதில் ஒரு மாஸ்ஃபெட் (அசையும் பாகம் இல்லாத மின்னணு ஸ்விட்ச்), வால்வின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு 4007 டயோடு. டயோடை மறந்தால் முதல் நாளே மாஸ்ஃபெட் போய்விடும். மின்பகுளி வகைக் கெபாசிட்டரின் அளவு குளிரில் குறைவதால் விடியற்காலையில் துடிப்பு கொஞ்சம் வேகமாக இருக்கும். எண்ணிப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலை லைனருக்குள் விட்டுப் பாருங்கள். பிடிப்பும் விடுப்பும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரே இழுவையாக இருந்தால் ஆட்டிடம் போகவே வேண்டாம்.

குழாயும் கேனும்

பால் டியூப் உள்விட்டம் 12 மி.மீ., உணவுக்கு ஆகும் தெளிவான சிலிக்கான். துடிப்பு டியூப் 8 மி.மீ., இரண்டு மீட்டருக்குமேல் வேண்டாம். இரு குவளையும் சேரும் கிளாவில் 0.8 மி.மீ. அளவில் ஒரு காற்றுத் துளை இருக்கும். அது அடைத்தால் பால் நகராமல் தேங்கும். அது போதாது என்று பெரிதாக்கினால் பால் நுரைத்துப் போகும். ஆட்டுப்பாலின் கொழுப்பு நுரையில் சீக்கிரம் சிதைந்து கிடா வாடை அடிக்கும். வாடைக்கு ஆட்டைக் குறை சொல்கிறவர்கள் முதலில் இந்தத் துளையைப் பார்க்கட்டும்.

கேன் எவர்சில்வர், மூடியில் ரப்பர் வளையம் உள்ளது. அலுமினியத்தைச் சலவை சோடாவும் ப்ளீச்சிங் திரவமும் அரிக்கும். கேனைத் தரையில் வைத்து, ஆட்டை 45 செ.மீ. உயர மேடையில் நிறுத்துங்கள். பாலை மேலே ஏற்றுகிற ஒவ்வொரு 10 செ.மீ.-க்கும் காம்பில் 1 கிலோ பாஸ்கல் குறைகிறது.

கறக்கும்போது

முதல் மூன்று பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் பிடித்துத் திரி இருக்கிறதா என்று பாருங்கள். திரி கண்ட ஆடு கடைசியில், கையால், தனிப் பாத்திரத்தில். காம்பை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பின்தான் குவளை. ஈரக் காம்பில் குவளை வழுக்கி மேலேறி மடியின் அடியைக் கவ்வும். ஆட்டின் பாலில் பெரும்பகுதி மடியின் அறையிலேயே தயாராக நிற்பதால் மாட்டைப்போல் நெடுநேரம் நீவ வேண்டியதில்லை. டியூபில் பால் நூலாக இளைத்ததும் வாக்குவத்தை மூடிவிட்டுக் குவளையை எடுங்கள், மூடாமல் இழுக்கக் கூடாது. கடைசியில் 0.5 சதவீத அயோடின் கரைசலில் காம்பு முக்குதல். உறைபனி விழும் காலைகளில் அரை நிமிடம் விட்டுத் துடைத்துவிடுங்கள், ஈரத்தோடு வெளியே போனால் காம்புத் தோல் வெடிக்கும்.

எடுத்தவுடன் காம்பைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் வாக்குவம் அதிகம் அல்லது பிசைதல் போதவில்லை. அடியில் வளையம் பதிந்திருந்தால் பால் தீர்ந்த பிறகும் ஓட்டியிருக்கிறீர்கள்.

கழுவுதல்

வரிசை முக்கியம். முதலில் 35, 40 டிகிரி வெதுவெதுப்பான 5 லிட்டர் தண்ணீரைக் குவளை வழியாகவே உறிஞ்ச விடுங்கள். எடுத்ததுமே கொதிநீர் விட்டால் புரதம் ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீர் விட்டால் கொழுப்பு உறையும். அடுத்து 65 டிகிரியில் 5 லிட்டர், 25 கிராம் சலவை சோடா கலந்தது. குவளையை நீரிலிருந்து வெளியே தூக்கித் தூக்கி முக்கினால் காற்றும் நீரும் மாறி மாறி ஓடிக் குழாயைத் தேய்க்கும். மலைக்குளிரில் வாளி வேகமாக ஆறிவிடுகிறது. 40-க்குக் கீழே இறங்கினால் கழன்ற கொழுப்பு திரும்பப் படியும். எட்டு நிமிடத்தில் முடித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாரம் ஒருமுறை லிட்டருக்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட், பால்கல் கரைய. மறுவேளை கறவைக்கு முன் 4 லிட்டர் தண்ணீரில் 4 சதவீத ப்ளீச்சிங் திரவம் 10 மி.லி. ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் வெவ்வேறு அலமாரியில் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பம்பை இரண்டு நிமிடம் வெறும் காற்றில் ஓட்டி ஈரம் போக்கித் தொட்டியை வடித்துவிடுங்கள்.

ரப்பர் லைனரின் ஆயுள் 2,500 கறவை. ஆறு ஆடு, இரண்டு வேளை, ஒரே ஜோடி என்றால் ஏழு மாதம். வெடிப்பு தெரிகிற வரை காத்திருக்க வேண்டாம். அதற்கு வெகு முன்பே லைனரின் இறுக்கம் போயிருக்கும். சிலிக்கான் கூடுதலாக உழைக்கும், பல்லோ நகமோ பட்டால் மட்டும் கிழியும். மாற்று லைனர் ஒரு ஜோடி, ஒரு மாஸ்ஃபெட், கேன் வளையம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மழையில் மலைப்பாதை மூடிய நாளில் வத்தலக்குண்டுக்கு இறங்க முடியாது. ஜமுனாபாரி கலப்பில் புட்டிபோல் காம்பு தடித்த ஆடு இருந்தால் அதற்கு எந்த லைனரும் சேராது, கையால் கறந்துகொள்ளுங்கள்.